சுவரோர வரிசையில் புள்ளி இல்லை

ஆகஸ்ட் 5, திங்கள்

மாலையில் ஆசிரியர் கூட்டம். இந்த வருஷத்திலிருந்து நம் பள்ளியில் செயல்திட்ட முறை என்று மேடம் ஆரம்பித்தார். பிள்ளைகளே கேள்வி கேட்பார்களாம், பிள்ளைகளே தேடுவார்களாம், பிள்ளைகளே விடை கண்டுபிடிப்பார்களாம். நாங்கள் பக்கத்தில் நின்றால் போதுமாம். மாதக் கடைசியில் கண்காட்சி. இத்தனை வருஷத் தமிழ் டீச்சர் வேலையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் தூக்கம் வராமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் தலைமை ஆசிரியைக்கா இந்த ஞானம் என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். தலைப்பைப் பார்த்தேன். "மாணவர்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய தலைப்புகள்." கீழே எரிமலை, சூரியக் குடும்பம், நீர்ச் சுழற்சி, காற்றாலை. என் எட்டாம் வகுப்புக்கு நேராக எரிமலையில் பென்சிலால் டிக்கே அடித்திருந்தது.

சுதந்திரமாக. தேர்ந்தெடுக்க. வேண்டிய. மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் எழுத எப்படிக் கை வந்தது? தமிழ் டீச்சரிடமே இதைக் கொடுக்கிறார்கள்.

கையைத் தூக்கினேன். "மேடம், எரிமலைய யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டேன். நேரமாகிவிட்டது, கூட்டம் முடிந்தது என்றார்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

தாளை வகுப்பில் வாசித்தேன். வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன். "உங்களுக்கு உண்மையாவே தெரியாத ஒண்ணக் கேளுங்க" என்றேன்.

அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வகுப்பு கப்சிப் ஆகிவிட்டது. கேள் என்றால் கேட்க வரவில்லை. எங்கிருந்து வரும்? ஒன்றாம் வகுப்பிலிருந்து வாயில் விரல் வைத்துத்தானே உட்கார வைத்திருக்கிறோம்.

கடைசியில் சுவர் ஓரத்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஜட்ஜம்மா எழுந்தாள். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கத்தையும் விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். மார்க்கில் மட்டும் எப்போதும் கடைசி.

"மிஸ், நீங்க ஏன் போர்டுல எழுதும்போது புள்ளியே வைக்கிறதில்ல?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நானா? மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காதவளா நான்? என் புருஷன் எழுதும் கடைச் சாமான் சீட்டில் புள்ளி இல்லையென்றால் திருப்பிக் கொடுப்பவள் நான். பலகையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் இருந்தது. "அதோ இருக்குதே" என்றேன். ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஆமாம் மிஸ், இருக்கு மிஸ் என்றார்கள். சுவர் ஓரத்துப் பிள்ளைகள் எல்லாரும் இல்லை மிஸ் என்றார்கள். ஒரே கூச்சல். பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வரிசையில் யாரும் இத்தனை நாளாக இதைக் கேட்கவில்லை. ஏனாம்? "அது உங்க கையெழுத்துன்னு நெனச்சோம் மிஸ்" என்றான் அவள் பக்கத்தில் உட்காரும் பையன்.

எரிமலை வேண்டாம், இதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று வகுப்பே முடிவு செய்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும்.


ஆகஸ்ட் 8, வியாழன்

தங்கச்சி போன் பண்ணினாள். அவள் மகள் பள்ளியிலும் இதே கூத்துதானாம். "அக்கா, நீ டீச்சர்தானே, ஒரு எரிமலை பண்ணிக் குடேன். புகை வரணும்." குழந்தை என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டேன். "அவ பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லுவா." போனை வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று முதல் பீரியடில் சோதனை. நான் ஒரு வாக்கியம் எழுதிப் போட வேண்டும், எல்லாரும் அவரவர் இடத்திலிருந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும், தெரிகிறபடி எழுத வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. இதெல்லாம் ஜட்ஜம்மா போட்ட சட்டம். வாக்கியத்தையும் அவர்களே கொடுத்தார்கள். "மாமாவின் பல் விழுந்தது."

தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் முழுக்க மாமாவின் பல் ஒழுங்காக விழுந்திருந்தது. நடு வரிசையில் ஒன்றிரண்டு புள்ளி குறைந்தது. சுவரோரத்தில் "மாமாவின பல விழுநதது". ஒருத்தி "பை விழுநதது" என்று எழுதியிருந்தாள். ஊகிக்கக் கூடாது என்ற சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்ட ஒரு புண்ணியவான் "மாமாவின் பல்லி விழுந்தது". என் கையெழுத்தைப் பற்றிச் சொன்னானே, அதே பையன்தான். இனி அவன் பெயர் பல்லி. அவனுக்கும் அதில் பெருமைதான்.

நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, அதனால்தான் என்று. ஜட்ஜம்மா இரண்டு பக்கத்தையும் விசாரித்துவிட்டுச் சொன்னாள். "அப்படின்னா ஜன்னல் பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான மிஸ் கண்ணு கூசணும்? அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியுது."

அவர்களே பலகையின் முன் குனிந்து நிமிர்ந்து, பெஞ்சு மேல் ஏறி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விஷயம் இதுதான். போன விடுமுறையில் பலகைக்கெல்லாம் பளபளவென்று எண்ணெய் வர்ணம் அடித்தார்கள். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அந்தப் பளபளப்பில் பட்டு எதிர்ப்பக்கம் சாய்கிறது. எதிர்ப்பக்கம் என்றால் சுவரோர வரிசை. பெரிய எழுத்து எப்படியோ தெரிந்துவிடும். புள்ளி கரைந்து போய்விடும். கணக்கு சாருடைய தசமப் புள்ளியும் அதே கதிதான். மத்தியானத்துக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் மத்தியானம் எங்களுக்கு விளையாட்டும் ஓவியமும்தான்.


ஆகஸ்ட் 14, புதன்

இன்று இடம் மாற்றிப் பார்த்தார்கள், புது வாக்கியத்தோடு. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பையனைச் சுவரோரக் கடைசியில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் அவனை ஒண்ணாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல பையன், வாய் திறக்க மாட்டான். நாலு தடவை கண்ணைக் கசக்கினான். அவன் தாளில் ஒரு புள்ளி இல்லை. அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். ஜட்ஜம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒரு பிழை இல்லாமல் எழுதினாள்.

அப்போதுதான் பல்லி கேட்டான். "மிஸ், நாங்க ஏன் இங்க உக்காந்திருக்கோம்?"

ஏனென்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ரேங்க்படி உட்கார வைக்க வேண்டும் என்பது மேடம் போட்ட விதி. முதல் ரேங்க் ஜன்னலோரம், நல்ல காற்று. கடைசி ரேங்க் சுவரோரம். அதாவது மார்க் குறைந்தால் புள்ளி தெரியாத இடம். புள்ளி தெரியாததால் மறுபடி மார்க் குறையும். மறுபடி அதே இடம். இப்படி ஒரு ஏற்பாட்டை வேண்டுமென்றே யோசித்தாலும் செய்ய முடியாது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு தடவையும் கணீரென்று வாசித்து உட்கார வைத்தது இந்த வாய்தான். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.


ஆகஸ்ட் 16, வெள்ளி

மேடம் அறைக்குப் போனேன். ரேங்க்படி உட்கார வைப்பதை நிறுத்துங்கள், இல்லையென்றால் வர்ணத்தையாவது மாற்றுங்கள் என்று கேட்கத்தான் போனேன். அவர் காதுக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது. எரிமலை என்ன ஆயிற்று என்று ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குக் கண்ணில் குறை என்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும் என்றார். வர்ணம் ஜவுளிக் கடை முதலாளியின் உபயம், கண்காட்சிக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர், அவர் முகத்தில் கரி பூசுவதா என்றார்.

"மேடம், அவங்களே கேள்வி கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேக்கட்டும். நம்மளப் பத்தி ஏன் கேக்கணும்?"

எவ்வளவு நேர்மையான பதில் பாருங்கள். உலகத்தில் எரிமலை எப்படி வெடிக்கிறது என்று கேள், உன் வகுப்பில் உனக்கு ஏன் கண் தெரியவில்லை என்று கேட்காதே. இந்த ஒரு வரியைப் பள்ளி வாசலில் பெரிதாக எழுதி வைக்கலாம். அதற்கும் எண்ணெய் வர்ணம்தான் அடிப்பார்கள்.

ஒரு மணி நேரம் மன்றாடி அனுமதி வாங்கினேன். மூன்று நிபந்தனை. மேல் மாடி வராந்தாவின் ஓரத்தில்தான் இடம். ரேங்க் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. முந்தின நாள் சார்ட்டெல்லாம் அவர் பார்வைக்கு வர வேண்டும். "தமிழ் டீச்சர் கிளாஸ் சார்ட்ல ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் எறக்கிடுவேன்" என்றார்.

என்னிடமா எழுத்துப் பிழையைப் பற்றி?


ஆகஸ்ட் 20, செவ்வாய்

தங்கச்சி எரிமலையைக் கடையில் வாங்கிவிட்டாளாம். புகை தனிக் காசாம்.


ஆகஸ்ட் 28, புதன்

சார்ட்டுகளை வீட்டுக்குச் சுமந்து வந்தேன். நாளை மேடம் பார்வைக்குப் போக வேண்டும்.

அழகாகச் செய்திருக்கிறார்கள். நடுவில் வகுப்பறைப் படம், பெஞ்சு பெஞ்சாக. ஒவ்வொரு பெஞ்சுக்கும் நேராக அந்த இடத்தில் உட்கார்ந்து எழுதின தாளை ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் எழுத்து! கொட்டிக் கிடக்கிறது பிழை. சுவரோரத் தாள்களில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. இதை அப்படியே கொண்டு போனால் மேடத்துக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. இதற்காகத்தானே காத்துக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கறுப்புப் பேனாவால், அவர்கள் எழுதின மாதிரியே தெரியும்படி, ஒரு புள்ளி விடாமல் வைத்துக்கொண்டு போனேன். பல்லியின் பல்லியைக்கூட வெள்ளை மை வைத்து மூடி, பல் ஆக்கினேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்துவிட்டு, "யாரோட பிராஜெக்ட் இது, உன்னோடதா?" என்று கிண்டல் செய்தார். பேச்சு வேண்டாம் என்றேன்.

இப்போது சுத்தமாக இருக்கிறது. இனி மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.


ஆகஸ்ட் 29, வியாழன்

என்ன சொல்ல. என்னத்தச் சொல்ல.

காலையில் பெருமையாகச் சார்ட்டைப் பலகையில் மாட்டினேன். யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் பக்கத்தில் வந்து பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பல்லி தன் தாளைத் தேடினான், தடவிப் பார்த்தான், வெள்ளை மை உதிர்ந்தது.

ஜட்ஜம்மா மெதுவாகச் சொன்னாள். "மிஸ், எல்லாம் சரியாயிடுச்சு."

"ஆமா, ராத்திரி உக்காந்து சரி பண்ணினேன்" என்றேன். இன்னமும் எனக்கு விளங்கவில்லை பாருங்கள். அப்படி ஒரு மண்டை.

"எல்லாமே சரியா இருந்தா, நாங்க என்னத்த மிஸ் கண்டுபிடிச்சோம்?"

அப்போதுதான் உறைத்தது. பிழைதான் அவர்கள் கண்டுபிடிப்பு. விடுபட்ட ஒவ்வொரு புள்ளியும் அவர்கள் தேடிப் பிடித்தது. நான் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டேன். கடைசி பெஞ்சும் முதல் பெஞ்சும் இப்போது ஒரே மாதிரி அழகாக எழுதியிருக்கின்றன. பலகையில் எந்தக் குறையும் இல்லை. மேடம் செய்ய நினைத்ததைச் சம்பளம் இல்லாமல் நான் செய்து கொடுத்துவிட்டேன்.

எனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? யாரு கேட்டா என்கிட்ட? ஒரு பிள்ளையாவது வந்து மிஸ் திருத்திக் குடுங்கன்னு கேட்டுச்சா? பென்சிலால் எரிமலையில் டிக் அடித்தார்கள் என்று குதித்தேனே, நான் பேனாவால் அடித்திருக்கிறேன். மேடம் அடித்தது ஒரு டிக். நான் ஒரு மேஜை நிறைய.

மன்னிப்புக் கேட்டேன். வகுப்பின் முன்னால் நின்று கேட்டேன். அவர்களுக்கு அதைக் கேட்கக்கூட நேரம் இல்லை, அடுத்து என்ன என்று கூடிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி எழுதிவிடலாம் என்று நான் சொன்னதற்கு ஜட்ஜம்மா தலையாட்டவில்லை. இத்தனை நாள் பழகியதில் எங்கே புள்ளி வரும் என்று கை தானாக வைத்துவிடுகிறதாம். "அதோட, இப்ப நாங்களே எழுதினா வேணும்னே தப்பா எழுதினோம்னு சொல்லுவாங்க மிஸ். இது தெரியாதவங்க எழுதணும்."

திருத்தின சார்ட்டை மேடத்திடம் கொண்டு போய்க் காட்டினேன். சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 30, வெள்ளி

என்னை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். "மிஸ், இந்தத் தடவ நீங்க வெளிய இருங்க, ப்ளீஸ்." கதவைச் சாத்தினார்கள். என் வகுப்பு, என் பீரியட், நான் வராந்தாவில் குடை மாதிரி சாய்ந்து நிற்கிறேன். உள்ளே சிரிப்புச் சத்தம். நானும் எவ்வளவுதான் பொறுப்பது? சாவித் துவாரத்தில் கண் வைக்கப் போய், பக்கத்து வகுப்பு சார் பார்த்துவிட்டார்.

அவர்கள் கேட்டது இரண்டே. மேல் மாடி ஓரம் வேண்டாம், எங்கள் வகுப்பறையே போதும். அப்புறம் காலை நேரத்திலேயே ஆட்களை அனுப்ப வேண்டும். மேடத்திடம் சொன்னேன். வகுப்பறைக்குள்ளேயே என்றால் யார் கண்ணிலும் படாது என்று அவருக்குப் பரம சந்தோஷம்.


ஆகஸ்ட் 31, சனி

விடிந்ததிலிருந்து மேகம். வெயில் இல்லையென்றால் பலகை பளபளக்காது, பளபளக்காவிட்டால் எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெயிலுக்காகக் கும்பிட்டேன்.

கூடத்தில் எரிமலைகள் வரிசையாகப் புகைந்தன. பெற்றோர் படம் எடுத்தார்கள். எங்கள் வகுப்பு வாசலில் பல்லி நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டான். "உள்ள வந்து உக்காருங்க, ஒரே ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான்." சார்ட் எதுவும் இல்லை. பலகையில் ஒரு வாக்கியம், துணி போட்டு மூடியிருந்தது. என்னையும் உள்ளே விடவில்லை, "உங்களுக்கு எங்க கையெழுத்து பழக்கம் மிஸ்" என்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பத்து மணி வாக்கில் வெயில் வந்தது. துணியை எடுத்தார்கள். "அத்தையின் பட்டம் அறுந்தது."

ஜன்னலோரப் பெற்றோர் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரப் பெற்றோர் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார்கள், பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்கள், ஒண்ணாம் நம்பர் வந்து காப்பி அடிக்கக் கூடாது என்றான். அத்தையின் பாடம் அறுந்தது ஒரு தாளில், அத்தையின் கட்டில் ஆடியது இன்னொரு தாளில். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவன் நான் என்று மார்தட்டிப் போய் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் "அத்தையின் வட்டம் அகன்றது" என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் தாள்களை வாங்கிப் பின்சுவரில் பெஞ்சு பெஞ்சாக ஒட்டிக்கொண்டே போனார்கள். பெரியவர்கள் தெரியவில்லை என்று எழுதவே மாட்டேன் என்கிறார்கள், தெரிந்த மாதிரி எழுதிவிடுகிறார்கள் என்று ஜட்ஜம்மா ஒரு குறிப்பும் எழுதி ஒட்டியிருந்தாள்.

ஜவுளிக் கடை முதலாளியும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததால் மேடமும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. முதலாளி தன் தாளைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். மேடம் எழுதினார், பார்த்தார், நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். பல்லி கை நீட்டிக்கொண்டு நின்றான். கொடுக்கவே இல்லை.

ஜட்ஜம்மாவின் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் தினமும் உட்காரும் இடம். அவர் எதுவும் எழுதவில்லை. வெறும் தாளோடு எழுந்து, பக்கத்தில் இருந்த மேடத்திடம் மெதுவான குரலில் கேட்டார்.

"இவ தினமும் இங்கதான் உக்காருறாளா?"

மேடம் நேரமாகிறது என்று முதலாளியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வீட்டில் இந்தப் பிள்ளை எத்தனை அடி வாங்கியிருக்கிறதோ.


செப்டம்பர் 3, செவ்வாய்

முதல் பரிசு எரிமலை. இரண்டாம் பரிசு இன்னொரு எரிமலை. எங்களுக்குப் "பார்வையாளர் பங்கேற்பு" என்று ஒரு சான்றிதழ்.

முதலாளி மனம் இளகி ஜன்னலுக்குத் திரை அனுப்பியிருக்கிறார். திரை நிறையக் கடை பெயர். காற்றடித்தால் திரை விலகுகிறது, சுவரோரத்தில் புள்ளி வந்து வந்து போகிறது. திரையோடும் சோதிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"செயல்திட்டம் முடிஞ்சு போச்சு. மார்க் போட்டாச்சு."

அவருக்கு முடிந்துவிட்டது. கண்காட்சியன்று மட்டும் கேள்வி கேட்கலாம், மறுநாள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரேங்க் விதியையாவது எடுங்கள் என்றேன். பெற்றோர் இரண்டு பேர் அதை எதிர்த்து ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அந்த எரிச்சல் முழுக்க என் மேல் விழுந்தது. பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறேனாம். நானா? என்னைத்தான் வகுப்புக்குள்ளேயே விடவில்லையே!


செப்டம்பர் 20, வெள்ளி

தேர்வு மார்க் வந்துவிட்டது. திங்கட்கிழமை ரேங்க்படி உட்கார வைக்க வேண்டும். பட்டியல் என் மேஜையில் இருக்கிறது. மேடம் நேரில் வந்து பார்ப்பாராம். ஜட்ஜம்மா இந்தத் தடவையும் சுவரோரம்தான், கடைசிக்கு இரண்டு இடம் முன்னால்.

வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் வேலை போகுமா? போனால் போகட்டும் என்று எழுதக் கை வருகிறது. வாய் வருமா தெரியவில்லை.


செப்டம்பர் 23, திங்கள்

வாசித்தேன். ஆமாம், வாசித்தேன். மேடம் வாசலில் நின்றார், நான் பட்டியலைக் கையில் எடுத்தேன், வழக்கம்போலக் கணீரென்று இல்லை, ஆனாலும் வாசித்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் ஏற்கெனவே மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் ஜட்ஜம்மா, பல்லி, அவர்கள் கூட்டம். சுவரோரத்தில் ஒண்ணாம் நம்பரும் அவன் வரிசையும். மேடம் உள்ளே வந்தார். ஒண்ணாம் நம்பரிடம், நீ எழுந்து உன் இடத்துக்குப் போ என்றார். அவன் எழுந்து நின்றான். அவ்வளவுதான், போய்விடுவான் என்று நினைத்தேன். யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பையன்.

"இந்த வாரம் எங்க முறை மேடம்" என்றான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மேடம் என்னைப் பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தது?"

"எனக்குத் தெரியாது மேடம்."

அது சத்தியமான உண்மை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம், கண் நிறைந்தது ஒரு பக்கம். மேடம் போனதும் பட்டியலை மடித்து வைத்துவிட்டுப் பாடத்தை எடுத்தேன். புள்ளிகளைப் பெரிது பெரிதாக வைத்தேன்.

மாலையில் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. நாளையிலிருந்து எனக்கு மூன்றாம் வகுப்பு. எட்டாம் வகுப்பைக் கணக்கு சார் பார்த்துக்கொள்வார்.


செப்டம்பர் 24, செவ்வாய்

மூன்றாம் வகுப்பில் நாற்காலிகூடக் குட்டையாக இருக்கிறது. நாள் முழுக்கச் சாப்பாட்டு டப்பா மூடிகளைத் திறந்து கொடுத்தேன். மேடத்தின் மேல் இருக்கிற கோபத்துக்கு இந்தப் பக்கம் போதாது, அதனால் எழுதவில்லை.


செப்டம்பர் 27, வெள்ளி

கணக்கு சாரைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், ஏங்கிப் போயிருக்கும் என்று எதிர்பார்த்து. "முறை போட்டு உக்காந்துக்கறாங்க, எனக்கொண்ணும் தொந்தரவு இல்ல. தசமப் புள்ளிய மட்டும் குண்டா வைக்கச் சொல்றாங்க" என்றார். மேடம் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். அந்தப் பக்கம் இப்போது அவர் வருவதே இல்லையாம். நான் இல்லாமலேயே நடக்கிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.


செப்டம்பர் 30, திங்கள்

காலையில் முதல் மணி அடித்ததும் கதவருகில் ஜட்ஜம்மா. பின்னால் பல்லி, கையில் வெற்றுத் தாள் கட்டு. என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள், மிஸ் திரும்பி வாங்க என்று சொல்லப் போகிறார்கள், நான் என்ன பதில் சொல்வது என்று எல்லாம் ஓடியது.

"மிஸ், எல்லா கிளாஸ் போர்டும் அதே பெயின்ட்தான். கணக்கு சார்கிட்ட கேட்டுட்டு வந்துட்டோம். உங்க கிளாஸ்ல இன்னைக்குப் பாக்கலாமா?" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "நீங்க எதையும் திருத்தக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சரி என்றேன். மேஜை மேலிருந்த பேனாக்களை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தேன். மூன்றாம் வகுப்புக்கு இன்னும் வேகமாக எழுத வராது, சிலதுகளுக்குச் சுழியும் கொம்பும் குழம்பும், கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்ல வாயெடுத்தேன்.

"அத நாங்க பாத்துக்கறோம் மிஸ்" என்றாள்.